நஸ்ரீன் முஹம்மதி: நிலக்காட்சியும் கோடும்

2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், நவீன கலைக்கென மெட் புரூயர் என்னும் தனிக் கட்டடத்தைத் திறந்தது. (அக்கட்டடத்தை 2020இல் அது கைவிட்டுவிட்டது.) தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்றாக அமைந்தவை நஸ்ரீன் முஹம்மதியின் படைப்புகள். அதற்கு முன் 2013இல் டெல்லியின் கிரண் நாடார் கலைக்கூடத்திலும், 2015இல் மேட்ரிட் நகரின் ரெய்னா சோஃபியாவிலும் அவை விரிவாகக் காட்சிப்படுத்தப்பட்டன.

நஸ்ரீன் 1937இல் கராச்சியில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். லண்டனிலும் பாரிஸிலும் கலை பயின்றார். குடும்பத்தின் வணிகத் தொடர்பால் பஹ்ரைன் பாலைவனமும் அவருக்குப் பழக்கமானது. பம்பாயில் ஓவியர் கைதோண்டேயின் நட்பு வாய்த்தது. 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1990இல் மறைந்தார்.

இக்கண்காட்சிகள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றே. தொடக்க கால நீர்வண்ண, மைச் சித்திரங்களில் கிளையும் நீரும் மணலும் தென்படுகின்றன. எழுபதுகளில் அவை கரைந்து, அளவுகோலும் மையும் பென்சிலும் கொண்டு இழுத்த நுண்கோடுகளே எஞ்சுகின்றன. நிலக்காட்சியிலிருந்து அரூபத்திற்கு ஓர் ஒழுங்கான பயணம்! ஆனால் நஸ்ரீன் தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்போ தேதியோ இடவில்லை. இந்த வரிசையிற் பெரும்பகுதி, பாணியை வைத்துப் பின்வந்தோர் அமைத்தது என்பதை நாம் மறக்கலாகாது. அவர் வாழ்நாளில் காட்சிக்கு வைக்காத புகைப்படங்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. கடற்கரை, தார்ச்சாலைக் கோடுகள், ஃபதேபூர் சிக்ரியின் கற்றளம் ஆகியவற்றை அவர் எழுபதுகளிலும் படமெடுத்துக்கொண்டுதான் இருந்தார். நிலம் அவரை விட்டுப் போகவில்லை.

ஃபதேபூர் சிக்ரியைக் கண்டதும் நம்மவர் சிலர், இது இஸ்லாமிய வடிவியல் மரபின் தொடர்ச்சி என உடனே உரிமை கொண்டாடக்கூடும். நமக்கு அதில் தயக்கமுண்டு. மொகலாயச் சாளரத்திலோ அல்ஹம்ப்ராவின் ஓட்டுப் பதிப்பிலோ ஓர் அலகு மாறாது திரும்பத் திரும்ப வந்து, முடிவின்றி விரிகிறது. நஸ்ரீனின் தாளில் அப்படியன்று. கோடுகளின் இடைவெளி மெல்ல நெருங்கும், அகலும். ஓரிடத்தில் அழுத்தம் குறைந்து கோடே மங்கிவிடும். அவர் நாட்குறிப்புகளில் ஸூஃபி சிந்தனையோடு ஜென் பௌத்தமும் இடம்பெறுவதையும் கருதவேண்டும். முஸ்லிம் பெயர் தாங்கிய கலைஞர் எவரையும் ‘இஸ்லாமியக் கலை’ என்ற பேழைக்குள் இடுவது எளிது. அதே அளவு எளிது, மேற்கத்திய விமர்சகர் பலர் செய்வதுபோல், அவரை அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினின் கீழைத்தேயப் பதிப்பாக்குவதும். மார்ட்டினின் கட்டங்கள் நிலைகொண்டு நிற்பவை. நஸ்ரீனின் பிற்காலக் கோடுகளோ குறுக்காகச் சாய்ந்து, வெண்டாளின் வெளியில் மிதப்பவை. எண்பதுகளில் நரம்பு நோய் அவர் உடலியக்கத்தைக் குலைத்துக்கொண்டிருந்தபோது இழுக்கப்பட்டவை அவை. எனினும் அக்கோடுகளில் நடுக்கமில்லை.