வண்டியின் வயதும் தொழிற்சாலையின் ஆயுளும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரித்துச் செப்பனிட்டு ஓட்டவேண்டும் என்னும் ஆசை நடுவயதில் பலருக்கும் வருகிறது. அப்படி ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எஞ்சின் ஓடுகிறதா, டேங்க் துருப்பிடித்திருக்கிறதா, விலை என்ன? கேட்கவேண்டியவைதாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு என்பது என் எண்ணம். இந்த வண்டியைச் செய்த தொழிற்சாலை எத்தனை காலம் இதே வண்டியைச் செய்தது, எப்போது நிறுத்தியது? இது வரலாற்றுக் கேள்வி. ஆனால் வாங்கிய வண்டி மீண்டும் தெருவுக்கு வருமா, பிரித்த நிலையிலேயே கொட்டகையில் கிடந்துபோகுமா என்பதைப் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது. திருவொற்றியூர், மைசூர் ஆகிய இரண்டு ஊர்களின் தொழிற்சாலைகளைக் கொண்டு இதைச் சொல்லிப்பார்க்கலாம்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்றொரு நகரம். ஊசித் தயாரிப்புக்குப் பேர்போனது. அதன் அருகே 1851இல் ஜார்ஜ் டவுன்சென்ட் தொடங்கிய ஊசி ஆலைதான் ராயல் என்ஃபீல்டின் வேர். பின்னாளில் அந்த ஆலை மிதிவண்டி செய்யத் தொடங்கியது. 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்னும் இருவர் கைக்கு வந்தது. என்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தம் மிதிவண்டிக்கும் அவ்வூரின் பெயரையே வைத்தார்கள். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. புல்லட் என்ற பெயர் 1932இல் அறிமுகமானது. இன்று நாம் பழைய புல்லட் என்று சொல்லும் வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல் விற்பனைக்கு வந்த 350 சி.சி. வண்டியிலிருந்து தொடங்குகிறது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் கொண்ட அமைப்பு அக்காலத்தில் புதுமையாகக் கருதப்பட்டது.

விடுதலைக்குப் பின், எல்லைப்புறச் சாலைகளில் ரோந்து செல்ல இந்திய ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. புல்லட் தேர்வாயிற்று. 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூட்டாக என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி வண்டியாக்கினார்கள். 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளே விலைக்கு வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே உருவாயின. ஆலை அமைந்த இடம் திருவொற்றியூர். காதில்லாத ஊசி ஒன்றால் துறவு பூண்டதாகக் கதை வழங்கும் பட்டினத்தார் அடங்கிய ஊர் அது. ஊசி ஆலையில் பிறந்த ஒரு நிறுவனத்தின் வண்டி, கடல் கடந்து அந்த ஊருக்கு வந்து நிலைகொண்டது தற்செயல்தான். ஆயினும் தமிழ் படித்தவர்களால் அதைக் கவனிக்காமல் கடந்துபோக முடிவதில்லை.

ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் ஆங்கிலேய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் தயாரிப்பே முடிவுக்கு வந்தது. தாய் மறைந்த பின்னும் திருவொற்றியூரில் மகள் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தாள். 1977இல் இங்கே செய்த 350 சி.சி. புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. அங்கே மறந்துபோன ஒரு வடிவத்தை இங்கிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

வடிவம் ஏன் மாறவில்லை? மரபின்மீது கொண்ட பற்று என்று சிலாகிப்பவர்கள் உண்டு. பொருளாதாரக் காரணம்தான் பெரிது என்று தோன்றுகிறது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்தின்கீழ் எதை எவ்வளவு செய்வது என்பதற்கு உரிமம் வேண்டும். அயல்நாட்டு வண்டிகளின் இறக்குமதி ஏறத்தாழ அடைபட்டிருந்தது. போட்டி இல்லாத சந்தையில், ஏற்கெனவே இருக்கும் அச்சுகளையும் கருவிகளையும் மாற்றவேண்டிய நெருக்கடி யாருக்கும் இல்லை. 1984இல் இந்த்-சுஸூகியும், 1985இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100உம் வந்தபோதுதான் எடை குறைந்த, குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் வண்டி எது என்பதை மக்கள் கண்டார்கள். புல்லட் தடுமாறியது, என்ஃபீல்ட் இந்தியா 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. அப்போதும் 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட, 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றுவிடவில்லை. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் 2008-2009இல் வந்த பிறகே, புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகிய நிலையில், அது விடைபெற்றது. அரை நூற்றாண்டு ஓர் எஞ்சின் ஏறத்தாழ ஒரே வடிவில் செய்யப்பட்டிருக்கிறது.

அக்காலத்தில் தேக்கம் என்று பழிக்கப்பட்ட இதுவே, இன்று பழைய புல்லட் வாங்குகிறவருக்குக் கிடைத்த வரம். மின் அமைப்பு 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது போன்ற வேறுபாடுகள் உண்டு என்றாலும், எழுபதுகளின் வண்டிக்கு வேண்டிய பாகங்கள் பலவற்றைத் தொண்ணூறுகளின் வண்டிக்காகச் செய்த சரக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். கிராங்க், கிளட்ச் தகடு, கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் கடை உண்டு. புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்தால் ஏறத்தாழ ஒரு வண்டியையே சேர்த்துவிடலாம். அதைவிட முக்கியம், அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் இன்னும் இருக்கிறார்கள்.

மைசூரின் கதை இதற்கு மாறானது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்தோடு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டு, ஐடியல் ஜாவா நிறுவனம் 1961இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஜானெசெக் என்ற உரிமையாளரின் பெயரும் வாண்டரர் என்ற ஜெர்மானிய வண்டியின் பெயரும் சேர்ந்ததே ஜாவா என்னும் சொல். 250 சி.சி., இரட்டைப் புகைக்குழாய், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் இரண்டு வீச்சு எஞ்சின். கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல் என்பது அதன் தனி அடையாளம். உதைத்துக் கிளப்பியபின் அதையே முன்னால் மடக்கினால் கியராகிவிடும். 1973 முதல் வண்டி யெஸ்டி என்ற பெயரில் வந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. ஜாவா 2018இலும் யெஸ்டி 2022இலும் மீண்டும் சந்தைக்கு வந்தன என்பது உண்மை. ஆனால் திரும்பி வந்தவை பெயர்கள் மட்டுமே. புதிய வண்டிகள் நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட வேறு வடிவங்கள். அவற்றின் பாகம் பழைய யெஸ்டிக்கு உதவாது. போலந்து நாட்டு வடிவத்தில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் 175, யமஹா வடிவத்தில் அதே நிறுவனம் எண்பதுகளில் செய்த ராஜ்தூத் 350 ஆகியவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆர்வலர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். சிறு பட்டறைகள் சில பாகங்களைப் புதிதாகச் செய்கின்றன. ஆனால் ஊற்று வற்றிவிட்டது.

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடம் கண்டார். சுவடிகள் பல இருந்தால் ஒன்றில் சிதைந்த அடியை இன்னொன்றால் நிரப்பலாம். ஒரே சுவடி மட்டும் எஞ்சிய நூலில் ஓர் ஏடு போனால் போனதுதான். புல்லட் பல சுவடிகள் உள்ள நூல். யெஸ்டி சில சுவடிகளே எஞ்சிய நூல். இடைச்செருகல் சிக்கலும் இங்கே உண்டு. சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தவேண்டும். ஒரு வண்டியின் சட்டகத்தில் இன்னொரு வண்டியின் எஞ்சினை ஏற்றி, பளபளவென்று வண்ணமடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அது பதிப்பாகாது, ஒட்டுவேலை. 2021இல் வந்த விதித்திருத்தம், ஐம்பது ஆண்டு கடந்து மூலவடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய வழிசெய்தது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. ஓட்ட விரும்புகிறவர், பதினைந்தாண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துப் பசுமை வரியும் கட்டவேண்டும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் நான் போட்டுப்பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்று மறைந்த மூத்த பேராசிரியர் ஒருவரின் 1974ஆம் ஆண்டுப் புல்லட் சில ஆண்டுகளாக அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றிருந்தது. அவர் மனைவி என்னை அழைத்து, "நீங்க எடுத்துக்கிட்டா சந்தோஷம் தம்பி. யாருக்குக் கொடுத்தாலும் எடைக்கு மட்டும் போயிடக் கூடாது" என்றார். அதே மாதத்தில் 1978ஆம் ஆண்டு யெஸ்டி ஒன்றும் விலைக்கு வந்தது. புல்லட்டுக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார்கள். ஆனால் கிராங்க் போய்விட்டது. பாதி வண்டி சாக்குப்பையில் இருந்தது.

மனம் யெஸ்டியின் பக்கமே சாய்ந்தது. புல்லட்டைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; அழிந்துகொண்டிருப்பதல்லவா நம் கைக்கு வரவேண்டியது? இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை முழுதாக ஏற்க இயலவில்லை. அரிய சுவடியைப் பதிப்பிக்கத் தெரியாதவன் கட்டவிழ்த்தால் ஏடுகள் கலைந்துபோகும். கலையாமல் பரண்மேல் கிடந்திருந்தால், பின்னால் வருகிற ஒருவராவது படித்திருப்பார். வண்டியும் அப்படித்தான். கொட்டகையில் முழுதாக நிற்கும் வண்டிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. பிரித்துவிட்டு, பாகம் கிடைக்காமல், பணமும் பொழுதும் தீர்ந்து பாதியில் கைவிட்ட வண்டிக்கு அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. கல்லூரிச் சம்பளமும், வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு ஸ்பேனர் பெட்டியும் மட்டுமே உள்ளவன் எதை மீட்க முடியும் என்பதை அவன் விருப்பம் மட்டும் முடிவு செய்ய முடியாது.

யெஸ்டியைப் பற்றி, இளமை முதல் ஜாவா வண்டிகளிலேயே கைபழகிய முதிய மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். அவர் சாக்குப்பையைக் கொட்டிப் பார்த்து, என்னென்ன குறைகிறது என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, தாமே வாங்கிக்கொண்டார். எனக்குப் புதிராக இருந்த குவியல் அவருக்குப் பட்டியலாகத் தெரிந்தது.

புல்லட்டுக்கு முதலில் தாள்களைச் சரிசெய்தோம். உரியவர் இறந்துவிட்டால் நேரடியாக வாங்குபவர் பெயருக்கு மாற்றுவது முறையன்று. முதலில் படிவம் 31 வழியாக வாரிசின் பெயருக்கு மாறவேண்டும். அதன்பிறகே படிவம் 29, 30 மூலம் வாங்குபவருக்கு வரும். எண்கள் இரண்டும் புத்தகத்தோடு பொருந்தின. மூன்று எழுத்துகளில் தொடங்கும் பழைய பதிவெண் அப்படியே இருக்கிறது. எஞ்சின் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சிலிண்டர் லேத் பட்டறையில். முடிவதற்கு ஆறு மாதமாகலாம், ஓர் ஆண்டுமாகலாம்.

வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். வண்டியைப் பார்க்கப் போகுமுன் அதன் தொழிற்சாலையின் கதையைப் படித்துவிட்டுப் போங்கள். ஊற்று வற்றாத வண்டி என்றால் ஆசை ஒன்றே தொடங்கப் போதும். வற்றிவிட்டதென்றால், முதலில் தேடவேண்டியது வண்டியை அல்ல. அதை அறிந்த மனிதரை. அவர்களும் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள்.