ஆடிப்பாவையும் தோன்றாப் பொருளும்

ஆடியில் தோன்றும் உருவம் எவ்விடத்து உள்ளது என்னும் வினா மிகப் பழையது. ஆடியின் முன் இரண்டடித் தொலைவில் நிற்பான் ஒருவன், தன் உருவை ஆடியின் பின் இரண்டடித் தொலைவிற் காண்கின்றான். ஆடியைப் பெயர்த்துப் பார்ப்பின் அவ்விடத்தே சுவரன்றிப் பிறிதில்லை. இவ்வுருவினைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாய பிம்பம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் மாய விம்பம் என்றும் வழங்கும். இதனோடு மாயப் பொருள் என்னும் பிறிதொரு கருத்தும் ஒளியியலில் உண்டு. இவ்விரண்டும் உருப்பெற்ற வரலாற்றை நோக்குவார்க்கு, மாயம் என்னும் ஓர் அடைமொழி இரண்டிற்கும் ஒருங்கே பொருந்துமோ என்னும் ஐயம் எழும். அவ்வையத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களைக் காண்போம். குறுந்தொகையின் 8-ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ஆடிப்பாவையை உவமையாக ஆள்கின்றார். பரத்தை கூற்றாக அமைந்த அப்பாட்டில், மனைவியின் விருப்பிற்கு இயைந்தொழுகும் தலைவன் ஆடிப்பாவைக்கு ஒப்பாகின்றான். பாவைக்குத் தனக்கென ஒரு செயல் இல்லை என்பதே புலவர் கண்ட நுட்பம். அது பொய் என்று அவர் இகழ்ந்தாரல்லர். இனி, பிம்பம் என்னும் வடசொல்லோ தமிழ் இயற்பியலில் தன் நிலை மாறி நிற்கின்றது. வடமொழித் தத்துவ நூல்களில் பிம்பம் என்பது ஆடியின் முன்னுள்ள மூலப்பொருள். ஆடியிற் காணப்படுவது பிரதிபிம்பம். நாமோ பிரதிபிம்பத்தையே பிம்பம் என்கின்றோம். வழக்கு வென்றுவிட்டமையின் இதனை இனி மாற்றப் புகுதல் வீண்.

உருவின் இடத்தை அளந்தறிய முற்பட்டோருள் கிரேக்கர் குறிப்பிடத்தக்கவர். யூக்ளிடின் பெயரால் வழங்கும் ஆடியியல் நூல், கண்ணினின்று புறப்படும் பார்வைக் கதிர்கள் ஆடியிற்பட்டு மீள்வனவாகக் கொள்கின்றது. கி. பி. 2-ஆம் நூற்றாண்டினராகிய தாலமி, உருவின் இடத்திற்கு ஒரு விதியைத் தெளிவுறக் கூறினார். பொருளினின்று ஆடிக்கு ஒரு செங்குத்து வரைக. கண்ணினின்று ஆடியிற்படும் கதிரை ஆடிக்கு அப்பாலும் நேரே நீட்டுக. இரண்டும் சந்திக்குமிடமே உருவின் இடம் என்பது அவ்விதி. சமதள ஆடிக்கு இது முற்றும் பொருந்தும். வளைந்த ஆடிகளுக்கோ பலவிடத்துப் பிழைபடும். ஆயினும் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இது மறுப்பாரின்றி நிலவியது.

கண்ணொளி புறஞ்சென்று பொருளைப் பற்றும் என்னும் கொள்கை நம் நாட்டுத் தத்துவ நூலார்க்கும் உடன்பாடே. அத்துவைத வேதாந்தத்துள் விவரண மரபினர், ஆடியிற் பட்டு மீண்ட கண்ணொளி காண்பானது முகத்தையே பற்றுகின்றது என்றனர். அவர் கருத்துப்படி ஆடியிற் காணப்படும் முகம் மெய். அஃது ஆடிக்குள் இருப்பதாகத் தோன்றும் இடமே பொய். பிரதிபிம்பம் முழுவதுமே பொய்த்தோற்றம் என்பார் பிறர். இவ்விரு கொள்கையையும், அவற்றிடை நிகழ்ந்த வாதங்களையும், 16-ஆம் நூற்றாண்டில் தமிழகத்து அடையபலத்திற் பிறந்த அப்பைய தீட்சிதர் தம் சித்தாந்தலேச சங்கிரகத்தில் தொகுத்துரைத்துள்ளார். உயிர்க்கும் பரம்பொருட்கும் உள்ள உறவை விளக்க எழுந்த வாதமே இது, ஒளியியலன்று. கண்ணொளிக் கொள்கையும் இன்று நிலைபெறவில்லை. எனினும், பொருளின் மெய்ம்மை வேறு, இடத்தின் மெய்ம்மை வேறு எனப் பகுத்த அக்கூர்மை நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

கண்ணொளிக் கொள்கையை வலுவாக மறுத்தவர் பசுராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம். 11-ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய ஒளியியல் நூல், பொருளின் ஒவ்வொரு புள்ளியினின்றும் ஒளி எல்லாத் திசையிலும் பரவிக் கண்ணை அடைகின்றது என நிறுவியது. ஆயின் உருவின் இடத்தைக் கூறுங்கால் அவரும் பழைய செங்குத்து விதியையே கைக்கொண்டார். அவ்விதியின் அடித்தளத்தை அசைத்தவர் கெப்ளர். 1604-இல் வெளியிட்ட நூலில், செங்குத்திற்கு அவ்வாற்றல் எங்ஙனம் வந்தது என அவர் வினவினார். ஒரு புள்ளியினின்று விரிந்து வரும் கதிர்க்கூம்பின் அடி கண்மணியின் அகலத்தில் அமைகின்றது. அக்கூம்பின் முனை எங்குள்ளதோ அங்கே பொருள் இருப்பதாகக் காட்சி கொள்கின்றது. ஆடியிற் பட்டு மீண்ட கதிர்களும் அவ்வாறே விரிந்து வருதலின், அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் சந்திக்கும் முனையே உருவின் இடமாம். கண்மணியைத் தமிழர் பாவை என்றதும், இலத்தீனார் சிறுமி எனப் பொருள்படும் சொல்லால் வழங்கியதும் ஈண்டு நினையத்தக்கன. இரு மொழியாரும் அங்கே கண்டது எதிரே நிற்பாரது சிற்றுருவையே. மேலும், காட்சியில் மட்டும் அமையும் உருவினையும், தாளில் விழும் ஓவியத்தினையும் கெப்ளர் வெவ்வேறு சொல்லாற் குறித்தார். இன்றைய மாய பிம்பம், மெய் பிம்பம் என்னும் பாகுபாட்டிற்கு இதுவே வித்தெனலாம்.

விரியும் கதிர்களுக்கு விடை கிடைத்தது. குவியும் கதிர்கள் கண்ணிற் புகுமாயின் யாதாகும்? குழியாடி ஒன்று ஒளியைக் குவிக்கின்றது; அது குவிந்து முடியுமுன் கண்ணை இடையே வைக்கின்றோம். கதிர்களின் முனை அப்பொழுது கண்ணிற்குப் பின்னே அமைகின்றது. 1669-இல் வெளிவந்த ஒளியியற் சொற்பொழிவுகளின் இறுதியில் ஐசக் பாரோ இவ்விடர்ப்பாட்டை எடுத்துரைத்தார். தம் கொள்கைப்படி பொருள் மிகத் தொலைவில் தோன்றவேண்டும். காட்சியிலோ அது மங்கலாகவும், அண்மையிலும் தோன்றுகின்றது. இதனைத் தம்மால் விளக்க இயலவில்லை என அவர் மறையாது உரைத்தமை போற்றத்தக்கது. 1709-இல் பெர்க்கிளி இதனையே சான்றாக எடுத்துக்கொண்டு, கோடுகளாலும் கோணங்களாலும் கண் தொலைவை அறிவதில்லை என வாதிட்டார். பாரோவை மயக்கியது, இன்றைய வழக்கிற் கூறின், கண்ணிற்கு அமைந்த மாயப் பொருளே.

கண்ணின் இடத்தில் ஓர் ஆடியை வைத்துப் பார்ப்பின் இக்கருத்துத் தெளிவாகும். குவியாடி எஞ்ஞான்றும் மாய பிம்பமே தரும் என மாணவர் மனப்பாடம் செய்வர். அது மெய்ப்பொருளுக்கு மட்டுமே உரிய விதி. 20 சென்டிமீட்டர் குவியத்தொலைவுடைய குவியாடி ஒன்றன்மேல், அதற்குப் பின் 10 சென்டிமீட்டர் தொலைவிற் குவியவிருந்த கதிர்கள் விழுவதாகக் கொள்வோம். அவை மீண்டு ஆடிக்கு முன் 20 சென்டிமீட்டரில் ஒருங்கு கூடி, இருமடங்கு பெரிய மெய் பிம்பத்தைத் தரும். அதனைத் தாளிற் பிடிக்கலாம். 1672-இல் கசக்ரேன் பெயரால் வெளிவந்த தொலைநோக்கி அமைப்பு இவ்வியல்பையே பயன்கொண்டது. நியூட்டன் அவ்வமைப்பைக் கடுமையாகக் குறைகூறினார். பிற்காலம் அவர் தீர்ப்பை ஏற்கவில்லை. 1986-இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற காவலூர்த் தொலைநோக்கியிலும் இவ்வமைப்பு உண்டு. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள குழியாடி விண்மீன் ஒளியைக் குவிக்கின்றது. குவிந்து முடியுமுன் சிறு குவியாடி அதனை இடைமறித்துத் திருப்புகின்றது. 3.25 ஆக இருந்த குவிய விகிதம் அதனால் 13 ஆகின்றது. அஃதாவது, குவியாடி இல்லையேல் அமைந்திருக்கும் பிம்பத்தினும் நான்மடங்கு பெரிய பிம்பம் கிடைக்கின்றது.

இனிச் சொல்லுக்கு வருவோம். மாய பிம்பம் தோன்றுகின்றது. தோன்றுமிடத்தில் ஒளி இல்லை. மாயப் பொருளோ எவர்க்கும் தோன்றுவதில்லை. ஆயினும் கதிர்களின் போக்கு முழுவதையும் அதுவே வரையறுக்கின்றது. ஒன்று இன்றியும் தோன்றுவது. மற்றொன்று தோன்றாது நின்று தொழிற்படுவது. விர்ச்சுவல் என்னும் மேலைச் சொல்லின் வேர் ஆற்றல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். மாயம் என்பதோ தமிழில் வஞ்சனையையும் பொய்யையும் உணர்த்துவது. மாய பிம்பம் வழக்கில் வேரூன்றிவிட்டது. இடத்தின் பொய்ம்மையைக் குறிப்பதாகக் கொண்டு அதனை ஏற்கலாம். மாயப் பொருள் என்பதற்கு அவ்வமைதியும் இல்லை. நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றொரு குறியீடு உண்டு. தொடரில் வெளிப்படாது நின்றும், பயனிலையின் திணை, பால், எண், இடங்களை வரையறுப்பது அது. அதனை அடியொற்றித் தோன்றாப் பொருள் என்னும் ஆட்சியைப் பாடநூல் எழுதுவோர் மேற்கொள்ளலாம் என்பது எம் கருத்து.