டிஸ்போசல் ஜீப்பின் கதை

இப்போது மலைவாசஸ்தலங்களுக்குப் போனால், நான்கு தடித்த டயரும் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரும் வைத்த ஏ.டி.வி. என்ற வண்டியில் பிள்ளைகள் சேற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தரையிலும் போகிற வண்டி என்று அதற்கு அர்த்தமாம். நம் தலைமுறைக்கு அந்தப் பெயர் பொருந்துகிற வண்டி ஜீப் ஒன்றுதான். அதுவும் புது ஜீப் இல்லை. யுத்தத்தில் அடிபட்டு, சர்க்கார் ஏலத்தில் கைமாறி, காயலான் கடையில் பாதி உயிர் வாங்கிக்கொண்டு வந்த ஜீப். 'டிஸ்போசல் ஜீப்' என்றால் வயதானவர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வண்டிப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். பழைய ஜீப்பை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். இந்த விஷயத்தில் நம் இந்திய சர்க்காரே ஒரு தடவை சறுக்கி விழுந்தது. அதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜீப் பிறந்தது 1940ல். அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன உளவு வண்டி கேட்டது. முதல் மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினீயரை அவசரமாக வரவழைத்து, வரைபடம் போட்டு, செப்டம்பர் 23ஆம் தேதி வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து தருகிற வசதி அந்தக் கம்பெனிக்கு இல்லை. பெரிய ஆர்டரெல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளியே வந்தன. பான்டம் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு கம்பெனிகள் செய்தாலும் ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. போர்க்களத்தில் உடைந்த இரண்டு ஜீப்பிலிருந்து ஓடுகிற ஒரு ஜீப்பைக் கட்டிவிடலாம். ஃபோர்டுக்காரர்கள் தங்கள் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, 'எஃப்' என்று ஓர் எழுத்தைப் பொறித்துவிடுவார்கள். ரேடியேட்டருக்கு அடியில் குறுக்கே போகிற சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் பட்டைத் தகடு. நம் ஊருக்கு வந்த டிஸ்போசல் ஜீப்பைக் குனிந்து பார்த்தால் சேஸி ஒரு ஜாதி, போல்ட் இன்னொரு ஜாதி. இதுதான் அந்த வண்டியின் பெரிய பலம். பழைய வண்டியாக வாங்குகிறவனுக்குப் பெரிய தலைவலியும் இதுதான். எந்தப் பாகம் எத்தனை வருஷம் உழைத்தது என்று எந்த ஆர்.சி. புத்தகமும் சொல்லாது.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம். கொண்டை ஊசி வளைவில் பஸ் தவிக்கும்போது இது சுலபமாகத் திரும்பிவிடும். 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைசக்தி. கேட்டால் சாதாரணம்தான். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டுவிட்டால், மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து வழுக்கல் பாதையில் நடக்கிற ஆளின் வேகத்தில் மூட்டை முடிச்சோடு ஏறும். பேட்டரி தீர்ந்துபோனால் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணலாம். எனக்குப் பிடித்த அம்சம் ஹெட்லைட். ஒரு திருகைத் தளர்த்தி விளக்கைப் பின்பக்கமாகப் புரட்டினால் வெளிச்சம் இன்ஜின் மேல் விழும். ராத்திரியில் டார்ச் பிடிக்க ஆள் தேட வேண்டாம். இதை யோசித்தவன் நிச்சயம் இருட்டில் ரிப்பேர் பார்த்துக் கஷ்டப்பட்டவனாகத்தான் இருப்பான்.

இனி கோளாறுகள். எங்கள் ஹெட் மெக்கானிக் கோயம்புத்தூர் உக்கடத்துக்கு ஜீப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு சாக்குப் பையும் சின்னச் சுத்தியலும் எடுத்துப்போவார். பானெட்டைத் திறக்க மாட்டார். சாக்கை விரித்து நேரே வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். "புதுப் பெயின்ட் அடிச்ச ஜீப்புன்னா ரெண்டு தடவ படுத்துப் பாருங்க தம்பி" என்பார். இன்ஜின் கெட்டிருந்தால் போர் பண்ணி, பிஸ்டன் ரிங் மாற்றிச் சரிசெய்துவிடலாம். சேஸி விட்டுப்போயிருந்தால் செலவுக்கு முடிவே இல்லை. பட்டை ஸ்பிரிங் வந்து பிடிக்கிற இடங்களில் விரிசல் இருக்கும், அதை வெல்டிங் வைத்து மூடி மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு ஒரு மாதிரி கணீரென்று கேட்கும். ஒட்டுப்போட்ட இரும்பு மொத்தென்று கேட்கும்.

அடுத்தது தரைத் தகடு. யுத்த கால ஜீப்பில் தகட்டுக்கு அடியில் பலத்துக்காகக் கொடுத்த மடிப்புகளுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே போனால் கட்டை ஊறிக்கொண்டே இருக்கும், தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ஊரில் இதைப் பார்க்காமல் ஜீப் வாங்கக்கூடாது. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் காலை எடுத்தால் இரண்டாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா? மலையில் இதைவிட ஆபத்து வேறு கிடையாது. மேடு பள்ளத்தில் இறங்கி ஏறினதும் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடுகிறதா? அப்படியானால் கிங் பின் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரத்துப் பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டால் ஆக்ஸிலின் ஜாயின்ட் போய்விட்டது. ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் எல்லாம் பிரேக் மேல் விழும். பழைய ஜீப் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினதும் சக்கரத்துக்குக் கல் வைக்கிற பழக்கம் இதனால் வந்ததுதான். வெயிலில் ஏற்றம் ஏறும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றுவோம். சொன்னால் இந்தக் காலத்துப் பையன்கள் சிரிப்பார்கள். இன்னொரு வேடிக்கை, யுத்த கால ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுக்கு மரை தலைகீழ். தெரியாதவர்கள் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி மூச்சு முட்டத் திருகி, ஸ்டட்டையே முறித்துவிடுவார்கள்.

சரி, சர்க்கார் கதைக்கு வருகிறேன். சுதந்திரம் வந்து இரண்டு மாதத்தில், 1947 அக்டோபரில், காஷ்மீரில் சண்டை தொடங்கிவிட்டது. மலைப் பாதைக்கு ஜீப் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். 1948ல் லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். வழக்கமான கொள்முதல் விதிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். பழுது பார்த்துப் புதுப்பித்த ராணுவ ஜீப்புகளுக்கான ஒப்பந்தம் அது. பணத்தில் பெரும்பகுதி முன்னாலேயே போய்விட்டது. வந்து இறங்கியவை 155 ஜீப்புகள்தான். அவையும் ராணுவத்துக்கு உதவுகிற நிலையில் இல்லை.

பார்லிமென்டில் கேள்வி எழுந்தது. திருப்பதிப் பக்கத்துக்காரரான அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு, இதை விசாரிக்க வேண்டும் என்று சொன்னது. 1955 செப்டம்பர் 30ஆம் தேதி, உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த், விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அடுத்த பிப்ரவரியில் மேனன் மத்திய மந்திரிசபையில் சேர்ந்தார். 1957ல் பாதுகாப்பு மந்திரியும் ஆனார்.

மேனன் தனக்காகப் பணம் எடுத்தார் என்று நிரூபணம் ஆனதில்லை. அவசரத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் ராணுவத்துக்கு வண்டி இல்லை என்பது நிஜம். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அரசியலைத்தான் பேசுகிறார்கள். பட்டறைக்காரன் கண்ணில் படுவது வேறு. 'புதுப்பித்த ஜீப்' என்பது ஒரே மாதிரியான சரக்கு இல்லை. ஒன்றில் இன்ஜின் நன்றாக இருக்கும், சேஸி ஓட்டை. இன்னொன்றில் எல்லாம் நன்றாக இருக்கும், கியர் நிற்காது. அரிசி மூட்டையில் ஒரு கை அள்ளிப் பார்ப்பதுபோல ஒரு ஜீப்பைப் பார்த்து மற்றவற்றுக்கு விலை பேச முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் ஒருவர் படுத்தாக வேண்டும். அதைச் செய்து முடிக்கிறவரை பணத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும்.

அதற்குள் பம்பாயில் வேறொரு வழி திறந்திருந்தது. 1945ல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய கம்பெனியில் முகமது என்பவர், பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகவும் 1951ல் கவர்னர் ஜெனரலாகவும் ஆன குலாம் முகமதுதான். அவர் போனபின் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். பிறகு வந்த உயரமான பானெட் கொண்ட சி.ஜே.3பி மாடலை, அமெரிக்காவில் நிறுத்தின பிறகும் வெகுகாலம் இங்கே செய்தார்கள். நாம் தாலுகா ஆபீஸ் வாசலில் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான்.

எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதும் டீசல் இன்ஜின் மாற்றுகிற வேலை எல்லாப் பட்டறையிலும் நடந்தது. டிராக்டர் இன்ஜினைக்கூட உட்கார வைத்தார்கள். செலவு பாதியாகும், இழுவை அதிகமாகும். ஆனால் எடையும் உதறலும் தாங்காமல் முன் ஸ்பிரிங் படுத்துவிடும், சேஸி விரியும். இப்படி மாற்றின ஜீப்பை வாங்குகிறவர் கியர் பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அறுபது குதிரைக்கு என்று செய்த பெட்டி அது.

இப்போது யுத்த கால ஜீப்பைத் தேடி வருகிறவர்கள் சேகரிப்பாளர்கள். சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒத்துப்போக வேண்டும், ஃபோர்டு என்றால் எல்லா போல்ட்டிலும் 'எஃப்' இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அதிக வருஷம் உழைத்த ஜீப்பை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முன் குறுக்குச் சட்டம் ஃபோர்டு, கியர் பெட்டி வில்லிஸ், இன்ஜின் டிராக்டருடையது, பின் ஆக்ஸில் மஹிந்திரா, சீட் ஒரு பழைய லாரியில் இருந்து கழற்றியது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் கடைசிவரை வில்லிஸ், 1944 என்றே இருந்தது.