நுண் காடிஸ் பூச்சிகள் (இலங்கை)

டிரைகோப்டெரா வரிசையில் ஹைட்ரோப்டிலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை நுண் காடிஸ் பூச்சிகள். உடல் நீளம் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர், இறகெங்கும் மயிர். விளக்கடியில் கண்டால் அந்துப்பூச்சி என்றே பலரும் தள்ளிவிடுவர். 2,000-க்கும் மேற்பட்ட இனங்களோடு இவ்வரிசையின் மிகப் பெரிய குடும்பம் இதுவே. இதை வேறொரு துணைவரிசையில் வைத்த பழைய முறை காலாவதியானது. இன்டெக்ரிபால்பியா துணைவரிசையே இதன் இடம்.

புழு முதல் நான்கு பருவங்களும் கூடின்றித் திரியும். ஐந்தாம் பருவத்தில் வயிறு ஊதிப் பருக்க, வாயில் சுரக்கும் பட்டு இழையால் சுருக்குப்பை போன்ற கூடு பின்னிச் சுமக்கும். ஹைட்ரோப்டிலா பேரினத்துப் புழுக்கள் இழைப்பாசியின் செல்களை ஒவ்வொன்றாகத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும்.

இலங்கை இனங்களின் வரலாறு காப்பித் தோட்டத்தில் தொடங்குகிறது. ரம்பொடையில் தோட்டம் நடத்திய ஜோன் நீட்னர் பிடித்தனுப்பிய பூச்சிகளைக் கொண்டு, கோனிக்ஸ்பெர்க் மருத்துவர் ஹெர்மன் ஹேகன் 1858-59இல் இலங்கை நரம்பிறகிகளின் தொகுப்பை வெளியிட்டார். காடிஸ் பூச்சிகளும் அன்று அந்தப் பெரும்பிரிவிலேயே அடங்கின. ஹார்வர்டு சென்ற பின் 1887இல் பிளெதஸ் என்ற நுண் காடிஸ் பேரினத்தை நிறுவியவரும் அவரே. 1915இல் ஜெர்மானியர் கியோர்க் உல்மர் பட்டியலை விரித்தார். ஆனால் உண்மையான அடித்தளம் சுவிஸ் அறிஞர் ஃபெர்னாண்ட் ஷ்மிட் 1958இல் பிரெஞ்சில் எழுதிய 173 பக்க ஆய்வுரையே. பிந்தியவை யாவும் அதற்குச் சேர்த்த பின்னிணைப்புகள் எனலாம். ஆஸ்திரியரான ஹான்ஸ் மாலிக்கி 1973இல் இலங்கை இனங்களை மீண்டும் தொகுத்தார். இவர்களை ஈர்த்தவை மலைநாட்டு ஓடைகள். பட்டியலும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

புதிய இனத்தை விவரிக்க இறகின் நிறம் உதவாது. இரவில் விளக்குப் பொறியில் விழும் ஆண் பூச்சியைச் சாராயத்தில் இட்டு, வயிற்று நுனியைக் காரக் கரைசலில் தெளியவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து வரைவர். வேறுபாடு அந்தக் கொக்கிகளிலும் முட்களிலும்தான். 1999க்குப் பிந்திய பெயர்களுக்கு, மூலமாதிரி எதுவென வெளிப்படையாகக் குறித்து, அது வைக்கப்படும் சேகரிப்பையும் சொல்லியாக வேண்டும்.

மலைநாட்டைப் போலன்றி, யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல் நிலம் மழையை உறிஞ்சிவிடும், வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆகவே இங்கு தேடவேண்டியவை ஹைட்ரோப்டிலா, ஆக்ஸியெத்திரா போன்று தேங்குநீரிலும் வாழவல்ல பேரினங்கள். இடம், பாசி படர்ந்த குளங்களும் கேணிகளும்.