குழந்தையின் நரம்பைத் தேடும் ஒலி: ஒரு சிறு வரலாறு

"குழந்தைக்கு நரம்பே கிடைக்கவில்லை" என்று மருத்துவமனைகளில் சொல்லக் கேட்டிருப்போம். பேச்சு வழக்கில் நரம்பு என்றாலும், அவர்கள் தேடுவது இரத்தக்குழாயைத்தான். குறிப்பாகச் சொன்னால், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரையை. ஒவ்வொரு முறை ஊசி தவறும்போதும் அந்த இடம் வீங்கிவிடும். அடுத்த முயற்சிக்கு ஓர் இடம் குறைந்துவிடும். உடல்நிலை மோசமான பச்சிளங்குழந்தைக்கு இது உயிர்ப் பிரச்சினை. இந்தத் தேடலுக்குள் அல்ட்ராசவுண்ட் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர், தன் கைச்சிரை வழியாகவே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி இதயம் வரை கொண்டுபோனார். அப்போது அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1953-ல் சுவீடனின் செல்டிங்கர் ஓர் எளிய வழியை வெளியிட்டார். முதலில் ஊசி, ஊசிக்குள் மெல்லிய கம்பி, பிறகு ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் குழாய். தமனிகளைப் படம் எடுக்க அவர் கண்ட வழிதான் பின்னர் சிரைகளுக்கும் பொதுவழியாயிற்று.

குழந்தைகளின் கதையில் முக்கியமான ஆண்டு 1967. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்த ஒரு பச்சிளங்குழந்தைக்கு, இதயத்தருகே உள்ள பெரிய சிரை வழியாகவே முழு உணவையும் டட்ரிக், வில்மோர் ஆகியோர் கொடுத்தார்கள். குழந்தை எடை கூடி வளர்ந்தது. 1968-ல் இது வெளியானபோது, பெரிய சிரைக்குள் ஒரு வழி இருந்தால் வாய்வழி உண்ண முடியாத குழந்தையையும் வளர்க்கலாம் என்பது உறுதியானது.

ஆனால் அந்தச் சிரையை எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்துத் தசையையும் எலும்பையும் தொட்டுப் பார்த்து, "சிரை இங்கேதான் இருக்கும்" என்று கணித்துக் குத்துவதுதான் வழக்கம். பெரியவர்களிடம் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். கைக்குழந்தையின் கழுத்தோ குட்டையானது, கொழுப்பு நிறைந்தது. சிரையின் அகலம் சில மில்லிமீட்டர்கள்தான். அதை ஒட்டியே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. கொஞ்சம் தவறினாலும் ஊசி தமனியில் இறங்கிவிடும்.

1958-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் அல்ட்ராசவுண்டால் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் காட்டிவிட்டார்கள். பிறக்காத குழந்தையையே காட்டிய கருவி, பிறந்த குழந்தையின் கழுத்துக்கு வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? ஆரம்பக் கருவிகள் பெரியவை, படமும் தெளிவற்றது. அதனால் முதலில் வந்தது படம் அல்ல, சத்தம். 1978-ல் அமெரிக்காவில் டாப்ளர் கருவியால் இரத்தம் ஓடும் ஒலியைக் கேட்டுக் கழுத்துச் சிரையின் இடத்தைக் குறித்தார்கள். 1986-ல் ஜப்பானிய மருத்துவர்கள், திரையில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஆழம் குறையும். குழந்தையின் சிரை தோலுக்கு மிக அருகில் இருப்பதால் அந்தக் குறை இங்கே ஒரு பொருட்டல்ல.

1999-ல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு பலரையும் யோசிக்க வைத்தது. இதய அறுவை சிகிச்சைக்கு வந்த 95 கைக்குழந்தைகளில், அல்ட்ராசவுண்ட் பயன்படுத்திய 43 பேருக்கும் குழாய் சரியாகப் போயிற்று; ஒருவருக்கும் தமனியில் குத்தவில்லை. தொட்டுப் பார்த்துக் குத்திய 52 பேரில் சுமார் நான்கில் மூன்று பங்கினருக்கே வெற்றி. நான்கில் ஒரு பங்கினருக்கு ஊசி தமனியில் பட்டது. 2002-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பெரியவர்கள், குழந்தைகள் இருவருக்குமே கழுத்துச் சிரையில் குழாய் போட இதையே விரும்பத்தக்க முறையாகப் பரிந்துரைத்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 2004-ல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் குழந்தைகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, அல்ட்ராசவுண்ட் மேலானது என்று தெரியவரவில்லை. கருவி இருந்தும் ஏன் இப்படி? திரையில் சிரையைத் தமனியிலிருந்து பிரித்தறிய லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். அமுங்குவது சிரை, துடிப்பது தமனி. ஆனால் குழந்தையின் சிரை, கருவியின் எடைக்கே அமுங்கித் திரையிலிருந்து மறைந்துவிடும். அதோடு, திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசியின் நுனியா, நடுப்பகுதியா என்று அறிவதும் கடினம். நுனியை விட்டுவிட்டால் பார்த்துக்கொண்டே தவறாகக் குத்தலாம். ஒரு கை கருவியைப் பிடிக்க, மறு கை ஊசியை நகர்த்த, கண் திரையில் இருக்க வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சி தேவை.

பின்வந்த ஆண்டுகளில் இந்தத் திறமை வளர்ந்தது. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட் மருத்துவர்கள், காறை எலும்புக்கு மேலிருந்து பார்த்து, எளிதில் அமுங்காத பெரிய சிரையில் குறைமாதக் குழந்தைகளுக்கும் குழாய் போட்டுக் காட்டினார்கள். 2020-ல் ஐரோப்பிய மயக்கவியல் சங்கமும் குழந்தைகளுக்கு இம்முறையையே பரிந்துரைத்தது.

டொனால்டின் கட்டுரைக்கும் 1999-ம் ஆண்டு ஆய்வுக்கும் இடையே 41 ஆண்டுகள். கருவி பிறந்ததும் பலன் வந்துவிடவில்லை. அது சிறிதாக வேண்டியிருந்தது, கைகளும் பழக வேண்டியிருந்தது. எனவே ஒரு மருத்துவமனை அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது. நள்ளிரவில் குறைமாதக் குழந்தை ஒன்று வந்தால், அதைக் கையாளப் பழகியவர் அங்கே இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும்.