முட்டுக்கட்டையும் கியரும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளிய பெரிய தேர் அசைந்து வருகையில், வடம் பிடிப்போரும் வேடிக்கை பார்ப்போருமான பெருங்கூட்டத்தின் கண்கள் எல்லாம் தேரின் அலங்காரத்திலும் அதற்கு அப்பால் 192 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்திலும் லயித்திருக்க, சக்கரத்துக்கு வெகு அருகில் குனிந்து பின்னோக்கி நடந்தபடியே முட்டுக்கட்டையைச் செருகுவதும் உருவுவதுமாக இருக்கும் சிலரை மட்டும் ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தேரை இழுப்பது ஊர். ஓட்டுவது இந்தச் சிலர். கட்டையை நேராக வைத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் சாய்த்து வைத்தால் தேர் திசை மாறும். ஒரு கணம் பிசகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பூட்டிய பிறகு தேர் நிலை சேர முன்போல் நாள்கணக்கு ஆவதில்லை என்றாலும், கட்டைக்காரர்களின் உத்தியோகம் போய்விடவில்லை.

கியர் வண்டி ஓட்டும் வித்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் தேரில் தொடங்குவானேன் என்று வாசகர் கேட்கலாம். அதே ஊரின் வழியாகத் திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், பாரம் ஏற்றிய லாரி மேட்டில் மூச்சுமுட்டி நிற்கும்போது முதலில் கீழே குதிப்பவன் கிளீனர்ப் பையன். அவன் கையில் இருப்பதும் ஒரு கட்டைதான். பின்சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகிவிட்டு, “போட்டாச்சுண்ணே!” என்று அவன் குரல் கொடுத்த பிறகே டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். இந்தப் பிரதேசத்தில் கியர் போடும் கல்வி பெரும்பாலும் அந்தக் கட்டையிலிருந்தே ஆரம்பமாயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் கியர் எதற்கு என்பதைச் சற்றுப் பார்த்துவிடலாம். மாட்டுக்குக் கியர் வேண்டியதில்லை. மேடு வந்தால் காளை தானே நடையைக் குறைத்து, கழுத்தை இறக்கி, நுகத்தடியில் பலத்தை முழுதும் கொடுத்து இழுக்கும். மேடு தீர்ந்ததும் தானே நடையைக் கூட்டிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த விவேகம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுழல நேர்ந்தால் அது இழுக்கச் சக்தியற்று அணைந்தே போகும். ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழல, சக்கரம் மெல்லச் சுழன்று, குறைந்த வேகத்துக்கு ஈடாக அதிக விசையைப் பெறும்படி நடுவில் சிறிதும் பெரிதுமான பற்சக்கரங்களை வைத்து, எந்த இடத்தில் எந்தச் சக்கரம் வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை மனிதனிடம் விட்டார்கள். காளைக்குக் காலிலேயே இருந்த ஞானத்தை டிரைவர் தம் காதிலும் காலிலும் கையிலும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் பஸ் ஓட்டத் தொடங்கினார் என்பது பிரசித்தம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய நம் ஊர்களில் அக்காலத்துப் போக்குவரத்து மாட்டுவண்டியையே நம்பியிருந்தது. 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்த பிறகும் தோப்பிலிருந்தும் களத்திலிருந்தும் ஸ்டேஷன் வரையில் சரக்கு வந்து சேர்ந்தது வண்டி மாட்டின் முதுகில்தான். நிலைமையை மாற்றியது பஞ்சு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதும், அதைத் தொடர்ந்து நூலாலைகள் ஒவ்வொன்றாக எழும்பியதும், பஞ்சுப் பொதி வந்து இறங்கவும் நூல் மூட்டை புறப்பட்டுப் போகவும் ஓயாத தேவையை உண்டாக்கின. லாரி வந்தால் டிரைவர் வேண்டும்; டிரைவர் எங்கிருந்து வருவார்?

டிரைவிங் ஸ்கூல் என்று ஒரு ஸ்தாபனம் தெருமுனையில் பலகை மாட்டியிராத காலம் அது. ஏர் பிடித்த குடும்பத்திலிருந்தும் தறி நெய்த வீட்டிலிருந்தும் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட பையன்கள் லாரியில் ஏறிக்கொண்டார்கள். முதலில் கட்டை, பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர், பிறகு வண்டி கழுவல், டயர் தட்டிப் பார்த்தல், பின்னால் தொங்கிக்கொண்டு “வரட்டும், வரட்டும்” என்று ரிவர்ஸ் சொல்லுதல், இரண்டு வருஷம் கழித்து என்றாவது ஒருநாள் மில் வாசலில் டிரைவர் டீக்குடிக்க இறங்கும்போது, “வண்டிய நகர்த்திப் போடுடா” என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காகப் பையன்கள் காத்திருந்த காத்திருப்பு சாமானியமானது அல்ல. கனரக வண்டிக்கு உரிமம் பெற இருபது வயது நிரம்ப வேண்டும் என்று 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்திருந்தபடியால், பதினைந்தில் ஏறியவனுக்கு ஐந்து வருஷ குருகுலவாசம் நிச்சயம். இந்தக் குருகுலத்தில் வசவு தாராளம், சம்பளம் சொற்பம், தூக்கம் அரிது. நான் அதைப் புகழ்ந்து பாட வரவில்லை. ஆனால் கற்றுக்கொடுத்த அளவில் அது செம்மையாகக் கற்றுக்கொடுத்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் போகவே, கரியை எரித்து அதன் வாயுவில் வண்டி ஓட்டும் சாதனங்களை டி.வி.எஸ். நிறுவனமே செய்து கொடுத்தது. கரிவாயுவில் எஞ்சினுக்குப் பலம் குறைந்துவிடும். பெட்ரோலில் டாப் கியரில் ஏறிய மேட்டை இரண்டாவதில் ஏற வேண்டி வரும். கியர் மாற்றும் வேலை இரட்டித்த அந்த வருஷங்களில் கைபழகியவர்களுக்குப் பின்னால் எந்த வண்டியும் பிரமாதமாகத் தோன்றியிராது.

அந்நாளைய லாரியில் கியர் போடுவதென்பது இன்றுபோல் கிளட்சை மிதித்துக் கம்பியைத் தள்ளும் காரியம் அல்ல. பிரான்சில் 1890களில் லெவாஸர் என்பவர் அமைத்த நகரும் பற்சக்கர முறையே பல பத்தாண்டுகள் நீடித்தது. அதில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்களின் பற்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் ‘கறகற’ என்று பல் அரைபடும். அந்தச் சத்தம் பஜார் முழுதும் கேட்டு டிரைவரின் மானத்தை வாங்கும். அமெரிக்காவில் 1928இல் காடிலாக் கார், பற்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்போடு வந்துவிட்டதாயினும், நம் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் அந்தச் சௌகரியம் வெகு தாமதமாகவே வாய்த்தது. அதுவரையில் டபுள் கிளட்ச்தான்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்கு இறங்குவதானால் ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தி எஞ்சினின் சுருதியைக் கூட்டி, மறுபடி கிளட்சை மிதித்து, பல் பல்லோடு பேசும் அந்தக் கணத்தில் கம்பியைச் செலுத்த வேண்டும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள். எவ்வளவு அழுத்துவது என்பதற்கு அளவுகோல் ஏதும் இல்லை, காதுதான் அளவுகோல். தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பவரும் லாரி டிரைவரும் ஒரே வித்தையின் இரு கிளைகள் என்று நான் சொன்னால் சங்கீத வித்வான்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எல்லாக் காரும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஃபோர்டின் டி மாடலில் இடதுகாலை முழுக்க அழுத்தினால் கீழ்க் கியர், விட்டால் மேல் கியர், நடுவில் ரிவர்ஸுக்குத் தனி மிதி, எஞ்சினுக்குப் பெட்ரோல் கூட்டுவது கையால். அதில் தேர்ந்தவர் வேறு காரில் ஏறினால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு வாய்த்தது அம்பாஸடர். ராஜபாளையத்தில் என் மாமா வீட்டு வண்டி. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் கம்பி இல்லாததால் முன்சீட்டில் தாராளமாக மூன்று பேர் உட்காரலாம். லாரியிலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் டிரைவர். முடங்கியாறு சாலையில் மாந்தோப்புகளுக்கு நடுவே அவர் என்னை ஓட்டச் சொன்ன முதல் நாள், வேகமானியின் மேல் தம் தோள்துண்டை மடித்துப் போட்டுவிட்டார். “முள்ளைப் பாக்காதீங்க தம்பி, சத்தத்தைக் கேளுங்க.” எஞ்சின் முனகினால் கீழே இறக்கு, இரைந்தால் மேலே ஏற்று, அவ்வளவே பாடம். அந்த வண்டிக்கு ஒரு துர்க்குணம் உண்டு: கியர்த் தொடுப்புகள் தேய்ந்திருந்தபடியால், அவசரப்பட்டு மாற்றினால் இரண்டு கியருக்கு நடுவில் பூட்டிக்கொண்டு எந்தப் பக்கமும் அசையாது. ஒருமுறை பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அப்படி நின்றுவிட்டேன். பின்னால் நின்ற பஸ்ஸின் ஹார்ன் என் தலைக்கு மேல் அலற, பெரியவர் சாவதானமாக இறங்கிப் பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் கைவிட்டு எதையோ ஒரு தட்டுத் தட்டி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. “அவசரப்பட்டா அதுக்குப் பிடிக்காது” என்றார். பாட்டரி செத்துப்போன நாளில், நாலு பேரைத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை உயிர்ப்பிக்கும் உபாயத்தையும் அவரிடமே கற்றேன்.

அவர் அதிகம் பேசியது இறக்கத்தைப் பற்றி. ராஜபாளையத்திலிருந்து தெற்கே போய்ச் செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை எஸ் வளைவு. அதற்கு மேல் ஆரியங்காவுக் கணவாய். பிறகு புனலூர் வரையில் மலைச்சாலை. சரக்கோடு கேரளத்துக்குப் போகும் லாரிகளுக்கு அதுவே பரீட்சை மண்டபம். “எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லயே இறங்கு” என்பது டிரைவர்களின் பழைய விதி. டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் விட்டு உருளவிட்டால், பாரம் முழுதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்த பிறகு கீழ்க் கியருக்கு இறங்கலாம் என்றால், வேகம் மிஞ்சிய நிலையில் பல் கோக்காது. கீழ்க் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டைக்காரர் வைக்கும் கட்டை வெளியே தெரிகிறது; டிரைவர் வைக்கும் கட்டை கியர்ப்பெட்டிக்குள் இருக்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கியர் தரைக்கு இறங்கியது, கை இலேசாயிற்று, ஊருக்கு ஊர் டிரைவிங் ஸ்கூல் முளைத்தது. குருகுலத்தில் ஐந்து வருஷம் எடுத்த படிப்பு ஒரு மாதத்தில் அடங்கிற்று. மறுபுறம், சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஏற்பட்ட விதி, கட்டையோடு ஏறிய பையன்களுக்கு வாசலை அடைத்தது. அந்த விதியை 2019இல்தான் நீக்கினார்கள். அதற்குள் ஏட்டுப்படிப்பில்லாத நல்ல கைகள் பல, வேறு ஜீவனோபாயம் தேடிப் போய்விட்டன என்பது என் எண்ணம்.

2014இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. வருஷத் தொடக்கத்தில் கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் செலெரியோவை மாருதி கொண்டுவந்தது. அது சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வந்தது. மே மாதம் அம்பாஸடர் உற்பத்தி நின்றது. இன்று டி.என். 84 என்று ஸ்ரீவில்லிபுத்தூரின் எண் பலகை தாங்கிப் பால்கோவாக் கடை வாசலில் வந்து நிற்கும் புதுக் கார்களில் இடதுகாலுக்கு வேலையில்லாதவை ஒவ்வொரு வருஷமும் பெருகி வருகின்றன. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரும் உபகாரம். எனக்கும் முழங்கால் வலி உண்டு. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சட்டத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் பரீட்சை தேறியவர் கியர் காரைத் தொடக் கூடாது. நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் கியர் உள்ளது, இல்லாதது என்று பிரித்து உரிமம் தருகிறார்கள்; காருக்கு அந்தப் பேதம் கிடையாது. கிளட்ச் என்பதையே அறியாமல் இன்று உரிமம் வாங்கும் ஒருவர், நாளைக் காலை கியர் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஆரியங்காவு இறக்கத்தில் இறங்கலாம். சட்டப்படி தடையேதும் இல்லை.