அப்பு கர்: இடித்துவிட்ட ஒரு ராட்டினத் தோட்டத்தின் கதை

ராட்டினத்துக்கெல்லாம் வரலாறா என்று சிரிக்காதீர்கள். செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் வரலாறு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்த இடத்துக்கு எழுத ஆள் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1985க்கும் 2008க்கும் நடுவில் தில்லியில் பிள்ளை வளர்த்த எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் அப்பு கர் என்ற பெயர் தெரியும். இந்தியில் 'கர்' என்றால் வீடு. அப்புவின் வீடு. அந்த அப்பு யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1982 நவம்பர் 19 அன்று தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. நம்மில் பலர் முதன்முதலாக வண்ணத் தொலைக்காட்சி பார்த்ததும் அந்த வருடம்தான். போட்டியின் சின்னம் அப்பு என்ற யானைக்குட்டி. அதற்கு நிஜமாகவே ஒரு யானை இருந்தது. குருவாயூர்க் கோயிலைச் சேர்ந்த குட்டிநாராயணன். தெற்கிலிருந்து தில்லிக்கு வந்து பெயர் வாங்கிய அந்த யானை, ஊர் திரும்பியபின் காலில் பட்ட காயத்தோடு பல வருடம் அவதிப்பட்டு 2005இல் இறந்துபோனது.

போட்டி தொடங்கி சரியாக இரண்டு வருடம் கழித்து, 1984 நவம்பர் 19 அன்று, பிரகதி மைதானத்தில் அப்பு கர் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அப்போதுதான் பிரதமராகியிருந்த ராஜீவ் காந்தி. அந்தத் தேதி இந்திரா காந்தியின் பிறந்தநாளும்கூட. அவர் சுட்டுக்கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தில்லி அந்த மாதம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கலவரத்தின் சாம்பல் ஆறாத ஊரில்தான் இந்தியாவின் முதல் பொழுதுபோக்குப் பூங்கா என்று சொல்லப்படும் இடம் கதவைத் திறந்தது.

நான் தில்லிக்கு வந்தது 1989இல். கரோல் பாகில் மாடியில் ஒற்றை அறை. கல்யாணம், குழந்தைகள் எல்லாம் ஆனபிறகு ஆர்.கே.புரம் பக்கம் வாடகைக்குப் போனோம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே மாதிரி இருக்கும். காலையில் மலை மந்திர். மத்தியானம் சாம்பார், அப்பளம், தூக்கம். வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் அப்பு கர். பரீட்சை முடிந்த நாள் ஒன்று. நவம்பரில் வர்த்தகக் கண்காட்சி நடக்கும்போது தமிழ்நாடு அரங்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில்தானே என்று போகிற நாள் ஒன்று. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்களைச் சாக்கிட்டு ஒரு நாள்.

ஒருமுறை என் மாமியார் வந்திருந்தார். மடிசார் இல்லை, சாதாரணப் புடவைதான். ஆனாலும் ராட்டினத்தில் ஏறமாட்டேன் என்று பிடிவாதம். "மாப்பிள்ளை, எங்க ஊர்த் தேர்த் திருவிழாவுல மர ராட்டினம் வரும். நாலு தொட்டில். கையால சுத்துவான். அதுலயே எனக்குத் தலை சுத்தும்" என்றார். பேத்தி கையைப் பிடித்து இழுத்ததும் போய் உட்கார்ந்துவிட்டார். மேலே போய் நின்றதும், "இங்கேருந்து பார்த்தா மெட்ராஸ் தெரியுமாடீ?" என்று கேட்டாராம். இறங்கியபின் இன்னொரு சுற்றுப் போகலாம் என்றதும் அவர்தான்.

அவர் சொன்ன தேர்த் திருவிழா ராட்டினத்தை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். நமக்கு ஊரில் தேர் இருந்தது, பொருட்காட்சி இருந்தது, ஆற்றங்கரை இருந்தது. தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது? வீடு வாடகை வீடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். சொந்த ஊர் என்பது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி போனால் வருகிற, வெயிலடிக்கும் ஓர் இடம். அவர்களுடைய திருவிழா மைதானம் அப்பு கர்தான். ஜயண்ட் வீல், ரோலர் கோஸ்டர், டாஷிங் கார், மை ஃபேர் லேடி. இந்தப் பெயர்களை என் மகள் ஊர்ப் பெயர்கள் மாதிரி வரிசையாகச் சொல்வாள்.

2008 பிப்ரவரி 17 அன்று அப்பு கர் மூடப்பட்டது. குத்தகை நிலம். உச்ச நீதிமன்றத்தின் விரிவாக்கத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. சுமார் 12 ஏக்கரில் நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம் எழும்பி, 2019 ஜூலையில் திறக்கப்பட்டது. பக்கத்திலிருந்த பிரகதி மைதான் மெட்ரோ நிலையத்துக்கும் இப்போது உச்ச நீதிமன்றம் என்றுதான் பெயர். அப்பு கர் என்ற பெயரை மட்டும் குருகிராமில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு வைத்தார்கள்.

நீதிமன்றத்துக்கு இடம் தேவையில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வழக்குகள் குவிந்து கிடக்கும் நாட்டில் அது நியாயமான தேவை. என் கேள்வி வேறு. 23 வருடம் லட்சக்கணக்கான குழந்தைகள் வந்துபோன இடத்தில் ஒரு பொருளையாவது காப்பாற்றி வைத்தோமா?

இதே கேள்வி உலகத்தில் வேறு இடங்களிலும் வந்திருக்கிறது. அங்கே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில் நியூயார்க். அங்கே கோனி ஐலண்ட் என்று ஒரு கடற்கரை. நம் மெரினா மாதிரி ஏழை பணக்காரன் எல்லாரும் போகும் இடம். லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் 1884இல் அங்கேதான் மரச்சட்டத்தில் ஓடும் வண்டி ஒன்றை அமைத்துத் தலைக்கு 5 சென்ட் வசூலித்தார். இன்றைய ரோலர் கோஸ்டர்களின் வம்சம் அங்கிருந்து வளர்ந்தது. அப்பு கருக்குச் சரியாக நூறு வருடம் மூத்தது!

அதே கோனி ஐலண்டில் 1927இல் 'சைக்ளோன்' என்ற மர ரோலர் கோஸ்டர் வந்தது. 85 அடி உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும். பொருளாதார வீழ்ச்சி, உலகப்போர், பிறகு வந்த கார், தொலைக்காட்சி என்று காலம் மாறியதில் அமெரிக்காவின் பழைய மரக் கோஸ்டர்களில் பெரும்பாலானவை விறகாகிவிட்டன. சைக்ளோனுக்கும் முறை வந்தது. 1970களின் தொடக்கத்தில் நிலம் நகராட்சி கையில். பக்கத்திலிருந்த மீன் காட்சியகம் தன்னை விரிவாக்க அந்த இடத்தைக் கேட்டது. பாருங்கள், நம் கதைதான். பொது நிறுவனம், நியாயமான தேவை, நடுவில் ஒரு ராட்டினம்.

அங்கே ஜனங்கள் கிளம்பினார்கள். சைக்ளோனைக் காப்பாற்றுவோம் என்று பிரசாரம் நடந்தது. கடைசியில் பக்கத்திலிருந்த ஆஸ்ட்ரோலாண்ட் பூங்காவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பழுது பார்த்து 1975இல் மறுபடி ஓடவிட்டார்கள். நகரத்தின் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து அதற்குக் கிடைத்தது 1988இல்தான். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஜனங்கள், பதின்மூன்று வருடம் கழித்துத்தான் சட்டம்.

அந்தச் சட்டத்தின் பலன் 2008இல் தெரிந்தது. ஆம், அப்பு கர் மூடிய அதே வருடம். அந்த செப்டம்பரில் ஆஸ்ட்ரோலாண்டும் மூடப்பட்டது. குத்தகைத் தகராறுதான். பூங்கா போயிற்று. சைக்ளோன் மட்டும் அப்படியே நின்றது, ஏனென்றால் அதை யாரும் தொட முடியாது. பிறகு லூனா பார்க் என்ற புதிய பூங்கா வந்து அதை எடுத்து நடத்தியது.

அதே 2008 ஏப்ரலில் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் இன்னொரு சம்பவம். அங்கே டிரீம்லாண்ட் பூங்காவில் 1920ஆம் வருடத்து மர ரோலர் கோஸ்டர் ஒன்று உண்டு. பெயர் சீனிக் ரயில்வே. வண்டியிலேயே பிரேக்மேன் ஒருவர் கூட வந்து கையால் பிரேக் போடுகிற பழைய ரகம். 2002இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டுமானப் பட்டியலில் சேர்ந்திருந்தது. பூங்காவை மூடி நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும் பேச்சு வந்தபோது, 2003இலேயே ரசிகர்கள் இயக்கம் தொடங்கிவிட்டார்கள். 2008இல் யாரோ வைத்த தீயில் அதன் ஒரு பகுதி எரிந்துபோனது. அதோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்கள் விடவில்லை. மரத்தை மாற்றி, தண்டவாளத்தைப் போட்டு, 2015இல் திரும்ப ஓடவைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மூன்றாவது. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் ஒரு பூங்கா 1980இல் மூடியது. அங்கே 1947இல் கட்டிய 'ராக்கெட்' என்ற மர ரோலர் கோஸ்டர் சும்மா நின்றுகொண்டிருந்தது. பென்சில்வேனியாவில் நோபல்ஸ் என்ற குடும்பப் பூங்காக்காரர்கள் அதை வாங்கினார்கள். வரைபடம் கிடையாது. அதனால் பிரிக்கும்போதே ஒவ்வொரு பலகைக்கும் நம்பர் போட்டார்கள். லாரிகளில் ஏற்றி, நாட்டின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய், நம்பர்படி மறுபடி கோர்த்தார்கள். 1985இல் 'ஃபீனிக்ஸ்' என்ற புதுப் பெயரோடு அது ஓட ஆரம்பித்தது. செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துத் தூணையும் கதவையும் விற்பதுதான் நமக்குத் தெரியும். அவர்கள் முழு வீட்டையே தூக்கிக்கொண்டு போய்க் குடியிருந்தார்கள்.

இதற்கெல்லாம் பின்னால் ரசிகர்களின் உழைப்பு இருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் சேர்ந்து ஒரு சங்கமே வைத்தார்கள். வெறுமனே ஏறி இறங்கிக் கூச்சல் போடுகிற கூட்டம் இல்லை. எது எங்கே எப்போது கட்டியது, யார் கட்டியது, எத்தனை அடி என்று பதிவு செய்தார்கள். பழசு ஒன்று ஆபத்தில் இருந்தால் குரல் கொடுத்தார்கள்.

அந்த ரசிகர்களுக்குள் சண்டையும் உண்டு. புதுசு வேண்டும் என்று ஒரு கட்சி, பழசைத் தொடாதே என்று ஒரு கட்சி. புளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் 1971 முதல் இருந்த 'மிஸ்டர் டோட்' சவாரியை 1998இல் எடுத்தார்கள். ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புக் காட்டினார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. அங்கே கரடிக்குட்டி வின்னி த பூவின் சவாரி வந்தது. இன்றைக்கு அந்தக் கரடியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் அவர்கள் அழுவார்கள். வால்ட் டிஸ்னியே தன் பூங்கா ஒருநாளும் கட்டி முடிக்கப்படாது என்று சொல்லிவந்தவர். பூங்கா என்றால் மாறத்தான் செய்யும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதைக் காப்பாற்றுவது என்று பேசவாவது ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் பேசினால் என்ன ஆகும்? பிரகதி மைதானத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1972இல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ். ராஜ் ரேவலின் வடிவமைப்பு, மகேந்திர ராஜின் பொறியியல். கான்கிரீட்டில் பின்னிய கூடை மாதிரி இருக்கும். உலகம் முழுக்கக் கட்டடக் கலைஞர்கள் குரல் கொடுத்தும் 2017 ஏப்ரலில் ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார்கள். பாரம்பரியப் பட்டியலில் சேர 60 வயது ஆகியிருக்கவேண்டும் என்பது வாதம். அதற்கு 45 வயதுதான். அப்பு கருக்கு 23. நியூயார்க் சட்டத்தின் 30 வருடக் கணக்கில் பார்த்தாலும் தேறாது.

ஆக, சட்டத்தை நம்பிப் பயனில்லை. குடியேறி வந்தவர்களின் நினைவு எதற்குமே 60 வயது ஆகாது. நாம் வந்தே அவ்வளவு வருடம் ஆகியிருக்காதே! ஆனால் பூங்கா முழுக்க வேண்டாம், ஒரு ராட்டினத் தொட்டில், வாசல் யானை, ஒரு பெயர்ப்பலகை, இங்கே இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை இது இருந்தது என்று ஒரு கல், இவற்றுக்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2008இல் நாம் பத்துப் பேர் சேர்ந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னமோ. கேட்க யாரும் இல்லை. அன்றைக்கு நமக்கு அது வெறும் விளையாட்டு இடம்.

சில வருடம் முன் என் மகள் தன் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மதுரா சாலை வழியாகப் போகும்போது, "நான் வளர்ந்த இடம்னு இவனுக்குக் காட்ட இந்த ஊர்ல எனக்கு எதுவுமே இல்லப்பா" என்றாள். "ஏம்மா, பள்ளிக்கூடம் இருக்கே" என்றேன். "பள்ளிக்கூடத்தை எந்தக் குழந்தைப்பா ஆசையாப் பார்க்கும்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தப் பலகைகளுக்கு நம்பர் போட்டார்களே, அந்த வேலை. வீட்டு பீரோவில் பழைய ஆல்பம் இருக்கும். அப்பு கர் படம் ஒன்றாவது இருக்கும். பின்பக்கம் தேதி, நிற்பவர்களின் பெயர், பின்னால் தெரியும் ராட்டினத்தின் பெயர் எழுதி வையுங்கள். டிக்கெட் கிழிசல் இருந்தால் எறியாதீர்கள். ஸ்கேன் செய்து பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள்.

தில்லி மட்டும் இல்லை. மும்பைத் தமிழர்களுக்கு 1989 முதல் கோராய்க்குப் படகேறிப் போன எஸ்ஸெல் வேர்ல்ட் நினைவு இருக்கும். கொல்கத்தாக்காரர்களுக்கு 1991இல் வந்த நிக்கோ பார்க். உங்கள் பிள்ளைகள் எந்த ஊரில் எந்த ராட்டினத்தில் முதலில் அலறினார்கள்? எழுதுங்கள். வருடத்தை மறக்காமல் போடுங்கள்.